இரண்டு போர் பார்த்த ஒல்லி வக்கீல்

போன முறை இதே சுவரில் நான் விடுகதை எழுதினேன். இந்த முறை ஒரு போர்வீரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஆர்தர் பிளாக்பர்ன். ஆஸ்திரேலியாவில் பிரபலமானவர். நம்ம பக்கம் தெரிந்தவர்கள் குறைவு.

போர்வீரர் என்றாலே முறுக்கு மீசை, மலை மாதிரி உடம்பு என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். படத்தில் பார்த்தால் ஒல்லியா, ஒரு வாத்தியார் மாதிரி இருக்கிறார்!

இவர் 1892 நவம்பர் 25 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தார். சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1914இல் முதல் உலகப் போர் ஆரம்பித்ததும் வக்கீல் வேலையை விட்டுவிட்டு சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்.

1915 ஏப்ரல் 25 விடியற்காலை. துருக்கி நாட்டின் கல்லிப்போலி கடற்கரையில் ஆஸ்திரேலியப் படை படகில் போய் இறங்கியது. மேலே மேடு, மேட்டில் துருக்கி வீரர்கள். பிளாக்பர்னும் அவர் நண்பர் பிலிப் ராபினும் வேவு பார்க்கிற வேலையில் இருந்தவர்கள். இரண்டு பேரும் முன்னாடி போய்க்கொண்டே இருந்தார்கள், ஏறக்குறைய 2 கிலோமீட்டர்! அன்றைக்கு அவ்வளவு தூரம் உள்ளே போனதாகத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்று அந்தப் போரின் வரலாற்றை எழுதிய சார்லஸ் பீன் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு எட்டு மாசம் சண்டை நடந்தும் அந்தப் படையால் அந்த இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. மூன்றே நாளில் ராபின் இறந்துபோனார்.

அடுத்த வருஷம் பிரான்ஸ். போசியர் என்ற கிராமம். 1916 ஜூலை 23 அன்று, 50 பேரோடு போய் ஒரு பதுங்குகுழியைப் பிடிக்கச் சொன்னார்கள். கையெறி குண்டு வீசுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். பலர் அடிபட்டு விழுந்தார்கள். திரும்பி வந்து வேறு ஆட்களோடு போனார். இப்படி நான்கு தடவை! நான்கு தடவையும் அவரேதான் முன்னால். முதலில் 250 கெஜம் பிடித்தார்கள். பிறகு ஒரு சார்ஜென்ட்டோடு தவழ்ந்து போய் வழி பார்த்துவிட்டு வந்து இன்னும் 120 கெஜம். இதற்காக மிக உயர்ந்த பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பிறகு உடம்பு முடியாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

1917இல் கல்யாணம். நான்கு பிள்ளைகள். கொஞ்ச காலம் எம்.எல்.ஏ. மாதிரி மாநில சட்டசபையிலும் இருந்தார். 1933இல் இருந்து அடிலெய்டின் கரோனர். அதாவது, யாராவது சந்தேகப்படும்படி இறந்தால் காரணத்தை விசாரிக்கிற அதிகாரி. இப்படியே நிம்மதியாக இருந்திருக்கலாம் இல்லையா?

1940இல் மறுபடி கிளம்பிவிட்டார்! வயசு 47. இந்த முறை ஒரு இயந்திரத் துப்பாக்கிப் பட்டாளத்துக்கே தலைவர். 1941இல் சிரியாவில் சண்டை. டமாஸ்கஸ் நகரம் சரணடைந்தபோது அதை ஏற்றுக்கொண்டவர் இவர்தான்.

இனிமேல் வருவதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். 1942 பிப்ரவரியில் இவர்களை ஜாவா தீவில் இறக்கினார்கள். அது இப்போது இந்தோனேசியாவில் இருக்கிறது, அப்போது டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். கிட்டத்தட்ட 3,000 ஆஸ்திரேலியர்களுக்கு இவர் பொறுப்பு. பெரிய ஆயுதங்களும் வண்டிகளும் வேறு கப்பலில் போய்விட்டன! இருந்ததை வைத்து ஒரு ஆற்றங்கரையில் ஜப்பான் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆனால் மார்ச் 8ஆம் தேதி டச்சுத் தலைமை சரணடைந்துவிட்டது.

மலைக்குள் போய்ச் சண்டையைத் தொடரலாமா என்று யோசித்தார்கள். மழைக்காலம், போதிய மருந்து இல்லை, சாப்பாடும் இல்லை. தான் மட்டும் என்றால் அவர் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்லிப்போலியில் எல்லோரையும் விட முன்னால் போனவர்தானே! ஆனால் 3,000 பேரின் உயிர் இருக்கே… மார்ச் 12 அன்று அவரும் சரணடைந்தார். நான்கு தடவை முன்னால் ஓடியதை விட இது கஷ்டமாக இருந்திருக்கும். என் தோழி அப்படி இல்லை, குண்டுக்கு முன்னால் போவதுதான் கஷ்டம் என்கிறாள். இரண்டு நாளாகச் சண்டை போட்டும் முடிவாகவில்லை. நீங்களே சொல்லுங்கள்!

அவருடைய வீரர்கள் பலரை ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மலேயாத் தோட்டங்களில் இருந்து பிடித்துப்போன நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்களே, அதே சயாம் மரண ரயில்தான். பிளாக்பர்னை அவர்களோடு இருக்க விடவில்லை. பிரித்து, சிங்கப்பூர் வழியாகக் கொண்டுபோய், கடைசியில் குளிர் நடுங்கும் மஞ்சூரியாவில் வைத்தார்கள். மூன்றரை வருஷம் கைதி. 1945இல் விடுதலை ஆனபோது வயசு 52.

ஊருக்கு வந்து மறுபடி அதே கரோனர் வேலையைப் பார்த்தார். 1960 நவம்பர் 24 அன்று இறந்தார். விடிந்தால் அவருக்குப் பிறந்தநாள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி