பென்னிகுயிக் வரைந்த அணை

கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது கெங்குவார்பட்டி என்னும் ஊர். மலையோடைகளும் மஞ்சளாறும் அப்பகுதிக்கு நீர்வளம் அளிப்பவை. அவ்வூரிலிருந்து மேற்கே புறப்படும் ஒருவர் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி ஆகிய ஊர்களைக் கடந்து, தென்மேற்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கினுள் புகுவாராயின், வேறோர் உலகைக் காண்பார். சின்னமனூர் முதல் கூடலூர் வரை சாலையின் இருமருங்கும் நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் திராட்சைப் பந்தல்களும் கண்ணைக் கவரும். இந்நீர் எங்கிருந்து வருகிறது என்று அங்குள்ள உழவர் எவரைக் கேட்பினும், அவர் நாவில் முதலில் எழுவது ஒரு வெள்ளையரின் பெயரே. அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குவோரும் உளர்; அவர் உருவப்படத்தை வீட்டில் மாட்டி வைத்திருப்போரும் பலர். அவரே ஜான் பென்னிகுயிக்.

பென்னிகுயிக் 1841ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் நிகழ்ந்த கடும்போரில் தந்தையார் வீழ்ந்தார். அதே போர்க்களத்தில் இளைஞரான அண்ணனும் உயிர் துறந்தார். இன்னும் இருநாள் கழிந்தால் எட்டு வயது நிறையும் என்றிருந்த சிறுவனின் குடும்பத்தில் அன்று விழுந்த இடியை எழுத்தில் எழுதிக் காட்டல் அரிது. சிறுவன் இங்கிலாந்தில் கல்வி பயின்றான். பின்னர் அடிஸ்கோம் என்னும் ஊரிலிருந்த படைத்துறைக் கல்லூரியில் சேர்ந்தான். நில அளவையும் கோட்டை அமைக்கும் கலையும் படம் வரைதலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அலுவலராக அமர்ந்து, 1860இல் பென்னிகுயிக் இந்தியா வந்து சேர்ந்தார்.

பொறியாளர் ஒருவர் வரையும் படம் ஓவியர் தீட்டும் படத்தைப் போன்றதன்று. ஓவியத்தில் அண்மையில் உள்ளது பெருத்தும் சேய்மையில் உள்ளது சிறுத்தும் தோன்றும். அது கண்ணுக்கு இனியது. ஆனால் அதன்மேல் அடிகோல் வைத்து அளந்து ஒரு சுவரை எழுப்ப இயலாது. ஆகவே பொறியாளர் ஒரே பொருளைப் பல திசைகளில் நேராக நின்று நோக்கித் தனித்தனியே வரைவர். முன்னிருந்து நோக்குவது முன்தோற்றம். மேலிருந்து நோக்குவது மேற்றோற்றம். பக்கத்திலிருந்து நோக்குவது பக்கத் தோற்றம். உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டின், பொருளை வாளால் அறுத்தாற்போல் எண்ணி, அறுபட்ட முகத்தை வரைவது வெட்டுத் தோற்றம். கொத்தரும் தச்சரும் முன்பே ஒருவாறு கையாண்டு வந்த இம்முறையை, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்பார் மோன்ஜ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கணிதமாக்கித் தந்தார். கோட்டைகளைக் கட்டுவதற்குப் பெரிதும் பயன்பட்டதால், பிரெஞ்சு அரசு அதனை நெடுங்காலம் வெளியிடாமல் மறைத்து வைத்திருந்தது. 1795இல்தான் மோன்ஜ் பாரிசு மாணவர்க்கு அதனை வெளிப்படையாகக் கற்பித்தார். அடுத்த நூற்றாண்டில் அது பொறியாளர் அனைவர்க்கும் பொது மொழியாயிற்று.

பென்னிகுயிக்கின் கைக்கு வந்து சேர்ந்த பணி பழமையானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பெரியாறு மழைவளம் மிக்க மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்தது. மலைக்குக் கிழக்கே வைகை பாயும் மதுரைச் சீமையோ மழை பொய்த்த ஆண்டுகளில் வாடி வதங்கியது. பெரியாற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சேதுபதி மன்னரின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. அவர் ஆள் அனுப்பி மலையை ஆராய்ந்தார். செலவு மிகுதி என்று கண்டு கைவிட்டார். 1808இல் ஆராய்ந்த கால்டுவெல் என்னும் ஆங்கில அலுவலர் இது வெறுங்கனவு என்று தள்ளினார். 1850இல் தொடங்கிய ஒரு சிறு அணைப்பணி காய்ச்சலால் நின்றது. 1867இல் ரைவ்ஸ் என்பவர் 62 அடி உயர மண்ணணை ஒன்றைத் திட்டமிட்டார். அதுவும் ஏட்டளவில் நின்றது. 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் இலக்கக்கணக்கில் மாண்ட பின்னர், அரசு விழித்துக்கொண்டது. 1882இல் திட்டத்தைத் திருத்தி, வரைபடங்களும் செலவு மதிப்பீடும் ஆயத்தம் செய்யும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் அளிக்கப்பட்டது.

முடிவு செய்ய வேண்டிய அதிகாரிகளில் பலர் அந்தக் காட்டைக் கண்டவரல்லர். அவர்களுக்கு மலையும் ஆறும் அணையும் எல்லாம் தாளே. அத்தாள் பொய் சொல்லலாகாது, இருபொருள்படவும் பேசலாகாது.

அங்குதான் கோடுகளின் வகை சிறப்புப் பெறுகிறது. பொறியாளர் படத்தில் எல்லாக் கோடும் ஒரு கோடன்று. நோக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தடித்த தொடர்கோட்டால் வரைவர். உள்ளே மறைந்து கிடக்கும் விளிம்பைச் சிறு சிறு துண்டுகளாக விட்டுவிட்டு வரைவர், இது துண்டுக்கோடு. ஒரு வட்டத்தின் நடுவையோ ஒரு சுரங்கத்தின் நடுப்போக்கையோ காட்ட, நீண்ட துண்டும் குறுந்துண்டும் மாறி மாறி வரும் மையக்கோட்டை இடுவர். அளவு குறிக்கும் கோடு மெல்லியது. அதன் இருமுனையிலும் அம்புத்தலை இருக்கும். வெட்டுத் தோற்றத்தில் அறுபட்ட முகத்தை மெல்லிய சாய்கோடுகளால் நிரப்புவர்.

பெரியாற்று அணையையே எடுத்துக்கொள்வோம். ஆற்றின் கீழ்ப்புறம் நின்று நோக்கினால் தோன்றுவது ஏறத்தாழ 1200 அடி நீளமுள்ள சுவர். அதன் முன்தோற்றத்தில் உச்சியும் இரு பக்கங்களும் தொடர்கோடுகள். ஆனால் சுவர் தரையோடு முடிந்துவிடுவதில்லை. ஆற்றுப்படுகைக்குக் கீழே பாறைவரை இறங்குகிறது. அவ்வடிப்பகுதியைத் துண்டுக்கோடே காட்டும். துண்டுக்கோட்டைத் தொடர்கோடாக மாற்றி வரைந்துவிட்டால், மண்ணுக்குள் இருப்பதை மண்ணுக்குமேல் இருப்பதாகக் கொத்தர் கொள்வர். மேற்றோற்றத்தில் அணையின் உச்சி, 12 அடி அகலமுள்ள ஒரு நாடாவாகத் தோன்றும். இவ்விரண்டு படங்களை மட்டும் கண்டவர்க்கு அணையின் வலிமை புலப்படாது. குறுக்கே வெட்டிய தோற்றத்திலேயே அது விளங்கும். உச்சியில் 12 அடியாக உள்ள சுவர் கீழே செல்லச்செல்லப் பருத்து, அடியில் 138 அடியாக விரிகிறது. நீரின் ஆழம் மிகுந்தோறும் அதன் அழுத்தம் மிகும். அவ்வழுத்தத்தைத் தன் எடையாலேயே தாங்கி நிற்கும் அணை இது. ஆகவே அதன் வடிவம் ஒரு முக்கோணத்தை ஒத்திருக்கிறது.

இனி, நீரைக் கிழக்கே கொண்டுவரும் சுரங்கம். தேக்கடிப் பக்கத்தில் மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட நீளத்தில் அமைந்தது அது. மலையை மேலிருந்து நோக்கும் படத்தில் சுரங்கத்தின் இரு சுவர்களும் துண்டுக்கோடுகள். இடையே மையக்கோடு செல்லும். அதே மலையை நெடுக வெட்டிக் காட்டும் படத்திலோ சுரங்கம் தொடர்கோடாகிவிடும். சுரங்கம் மாறவில்லை, நோக்கும் இடமே மாறிற்று. தெரியும் விளிம்பும் மறைந்த விளிம்பும் தாளில் ஒரே இடத்தில் வந்து பொருந்துவதும் உண்டு. அப்போது தெரியும் விளிம்பின் தொடர்கோட்டையே வரைவர். மறைந்த விளிம்பும் மையக்கோடும் பொருந்தினால் மறைந்த விளிம்பே முன்னுரிமை பெறும்.

இவ்விதிகள் பென்னிகுயிக் காலத்தில் ஒரே நூலாக வகுக்கப்படவில்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் வேறுபட்டது. வெட்டுமுகங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் அந்நாள் வழக்கம். கல்லுக்கு ஒரு நிறம், செங்கல்லுக்கு ஒரு நிறம். பின்னர் நீலத்தாளில் வெண்கோடுகளாகப் படியெடுக்கும் முறை பரவியபோது வண்ணங்கள் படியில் வரவில்லை. நிறம் பேசிய இடத்தில் கோடே பேச வேண்டியதாயிற்று. பிரிட்டனில் 1927இலும், நம் நாட்டுப் பள்ளிகள் கல்லூரிகளுக்கென 1988இலும் இவற்றைத் தரப்படுத்திய நூல்கள் வெளிவந்தன.

பென்னிகுயிக்கின் திட்டம் 1884இல் ஒப்புதல் பெற்றது. அணையும் நீர்த்தேக்கமும் அமையும் நிலம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் அதற்கான குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. மறு ஆண்டு வேலை தொடங்கிற்று.

படத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு உண்டு. காய்ச்சலுக்கு மட்டும் கோடு இல்லை. அடர்ந்த காடு, ஓயாத மழை, யானைகளின் நடமாட்டம், கொசுக்கள் பரப்பிய மலேரியா ஆகியவற்றுக்கு நடுவே வேலை நடந்தது. பள்ளத்தாக்கின் கூலியாட்களும் சென்னைப் படையின் பயனீர் பிரிவினரும் கொச்சித் தச்சரும் உழைத்தனர். கம்பிவடத்தின் வழியாகவும் படகுகளிலும் பொருள்கள் சென்றன. அடித்தளம் இடுவதற்காக ஆற்றைத் தடுத்த தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. தாளில் ஒரு விரற்கடை அளவேயான அடித்தளத்தை ஆற்றினுள் எழுப்புவதற்கே பெரும்பாடாயிற்று. நோய்வாய்ப்பட்டு மாண்டோர் பலர். அணையின் அருகே அவர்களுள் சிலருடைய கல்லறைகள் இன்றும் உள்ளன. எத்தனையோ ஏழைக் கூலியாட்களுக்குக் கல்லறையும் இல்லை.

பென்னிகுயிக் தம் உடைமைகளை விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அணைக்கான செலவை ஏற்றது சென்னை அரசே. ஆயினும் நன்றி மிகுந்த நெஞ்சம் இத்தகைய கதைகளைப் படைத்துக்கொள்வது இயல்பு. காய்ச்சல் காட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி, இடிந்ததை மீண்டும் எழுப்பிய மனவுறுதி கதையன்று. அதற்கு அணையே சான்று.

சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கருங்கல்லும் கலந்து கட்டிய அவ்வணை 1895இல் முடிவுற்றது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். மேற்குக் கடலுக்கு ஓடிய நீர் மலையைத் துளைத்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது.

மறு ஆண்டு பென்னிகுயிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த பொறியியற் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பணிக்கு இளைஞரைப் பயிற்றுவித்த கல்லூரி அது. 1899 வரை அப்பொறுப்பில் இருந்தார். பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றை அவர் எழுதிய கட்டுரை 1897இல் லண்டன் பொறியாளர் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளத்தைத் தடுப்பது குறித்து ஆராய்ந்து அறிக்கை அளித்ததும் அவரே. 1911 மார்ச் 9ஆம் நாள் காம்பர்லி என்னும் ஊரில் அவர் மறைந்தார்.

கூடலூருக்கு அப்பால், மலையடிவாரத்தில், லோயர் கேம்ப் என்னுமிடத்தில் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15ஆம் நாள் பொங்கலையொட்டி வருவதால், பள்ளத்தாக்கின் மக்கள் அங்குக் கூடிப் பொங்கலிடுகின்றனர். சுரங்கத்தைக் கடந்து வரும் நீர் அருகிலுள்ள மின்நிலையத்தின் குழாய்களில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி, வைகையை நோக்கிச் செல்கிறது.