மண்ணில் கிடைத்த பொன்

காலால் மிதிபடும் மண்ணை உயிரற்ற பொருள் என எண்ணுதல் உலக வழக்கு. ஆயினும், ஒரு சிட்டிகை மண்ணில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுள் நோய் தீர்க்க உதவுவது எது எனத் தேடச் செய்து வெற்றி கண்டவர் எல்லப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றும் தளராது, மூன்றாம் முறை வென்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். ஸ்புரூ என்னும் கொடிய கழிச்சல் நோய் அவர்தம் உடன்பிறந்தாரின் உயிரைக் கவர்ந்தது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்து இல்லை. அத்துயரமே அவரை ஆராய்ச்சியில் செலுத்தியது.

அமெரிக்கா சென்ற அவர், மருத்துவமனையில் எளிய பணிகள் செய்து பிழைத்துக்கொண்டே ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தினார். 1940இல் லெடர்லி ஆய்வகத்திற் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் உழைத்த குழுவினர் 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர்.

அவ்வாய்வகத்திலேயே, எழுபது வயது கடந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கர் மண்ணாராய்ச்சியை மேற்கொண்டார். பல இடங்களிலிருந்து மண் தருவிக்கப்பட்டது. மண்ணை நீரிற் கரைத்து, அந்நீரை ஊட்டக் கூழின்மேற் பரப்பி, முளைத்த கூட்டங்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தனர். நோய்க் கிருமிகளை எது தடுக்கிறது என ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பயனின்றிக் கழிந்தவை எண்ணில. மிசௌரிப் பல்கலைக்கழகத்துச் சான்பர்ன் வயலிலிருந்து 1945இல் வந்த மண்ணில் பொன்னிற பாக்டீரியா ஒன்று தோன்றியது. அது கிருமிகள் பலவற்றை அடக்கிற்று. அதன் இழை, வித்து, நிறம், உணவு ஆகியவற்றை முன்னரே அறிந்த இனங்களோடு ஒப்பிட்டனர். எதனோடும் அது முற்றும் பொருந்தவில்லை. எனவே அதனைப் புதிய இனம் எனத் துணிந்து, பொன்னாக்குவது என்னும் பொருள்பட ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோபேசியன்ஸ் எனப் பெயரிட்டனர். அது தந்த ஆரியோமைசின் என்னும் மருந்து 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது அதுவே.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே, தாய்நாட்டை மீண்டும் காணாமல், 53ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார். போலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் பின்னர் ஸ்புரூ நோய்க்கே மருந்துகளாயின. உடன்பிறந்தாருக்குக் கிட்டாத மருந்து ஊராருக்குக் கிட்டிற்று.

இன்று காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம் போன்ற நெசவூர்களில் சாயக் கழிவுநீரால் மண் கெடுகின்றது. அத்தகைய மண்ணிலும் சாயத்தைச் சிதைக்க வல்ல பாக்டீரியாக்கள் வாழக் கூடும். அவற்றைப் பிரித்தெடுத்து இனங்காண இக்காலத்தில் மரபணு ஒப்பீடும் துணை செய்கின்றது. எனினும், பன்முறை தோற்றும் சலியாத பொறுமை அன்று போலவே இன்றும் வேண்டப்படுகின்றது. மூன்றாம் முறை தேர்வெழுதிய மாணவரின் வாழ்வு அதனையே நமக்கு உணர்த்துகின்றது.