பட்டாணிச் செடியைப் படமாக்கியவர்

கொக்குவிலில் எங்கள் வீட்டு யன்னலோரம் ஒரு பால்மா ரின்னில் பயறு போட்டு, அது முளைத்து வளர்வதை ஸ்டொப் மோஷன் குறும்படமாக்க நானும் தங்கச்சியும் முயன்றோம். உம்மாவின் பழைய கைத்தொலைபேசிதான் எங்கள் கமரா. ஒன்பதாம் நாள் மழைக்கு யன்னல் சாத்த வந்த உம்மா, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார். ஓட்டிப் பார்த்தால், வளர்ந்துகொண்டிருந்த பயறு திடீரென்று பக்கத்துக்குப் பாய்கிறது! அந்தக் கவலையில் இருந்தபோதுதான், நூறு வருடங்களுக்கு முன்பே இதே வேலையைச் செய்த ஒருவரைப் பற்றி வாசித்தேன்.

தாதாசாகேப் பால்கே என்று அறியப்படும் துண்டிராஜ் கோவிந்த் பால்கே, 1870 ஏப்ரல் 30 இல் நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். தந்தை சமஸ்கிருத பண்டிதர். மகனின் மனமோ சித்திரத்தில். பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியிலும் பரோடா கலாபவனிலும் படித்தார். கோத்ராவில் ஒளிப்படக்காரராக இருந்தபோது முதல் மனைவியையும் பிள்ளையையும் கொள்ளைநோய் கொண்டுபோனது. பிறகு தொல்லியல் துறை, அச்சகம், ஜேர்மனிப் பயணம். பங்காளிகளோடு பிணக்குப்பட்டு அச்சகத்தை விட்டு வெளியேறியபோது வயது நாற்பது.

1911 இல் பம்பாயில் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படம் ஒன்றைப் பார்த்தார். நம் நாட்டுக் கதைகளையும் இப்படிக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஓய்வின்றிப் படங்கள் பார்த்தும் ஆராய்ந்தும் கண்பார்வையே போயிற்று. வைத்தியத்தால்தான் மீண்டது. அதன்பிறகும் நிறுத்தவில்லை. ஆயுள் காப்புறுதியை அடகு வைத்து 1912 இல் இலண்டன் போய், தொழிலைப் பார்த்து, வில்லியம்சன் கமரா ஒன்றோடு திரும்பினார். எங்கள் வாப்பாவாக இருந்தால் உம்மா விட்டிருப்பாரா என்று தெரியாது.

படமெடுக்கப் பணம் தர யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் பால்கே ஒரு பட்டாணி விதையை நட்டு, அதன் முன்னே கமராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேலாக, செடி வளர வளர, ஒவ்வொரு பிரேமாக எடுத்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட படம் கிடைத்தது. நாளுக்கு ஒரு பிரேம் என்று எழுதியிருக்கிறார்கள். தங்கச்சி கணக்குப் போட்டாள்: மௌனப் படம் செக்கனுக்குச் சுமார் 16 பிரேம் ஓடும், முப்பது நாளுக்கு முப்பது பிரேம் என்றால் இரண்டு செக்கன்கூட வராது. ஆகவே நாளுக்குப் பல தடவை எடுத்திருக்கத்தான் வேண்டும். அதைப் பார்த்த பிறகே அவருக்குக் கடன் கிடைத்தது.

அந்தக் கடனும் போதவில்லை. இரண்டாவது மனைவி சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கொடுத்தார். நகையோடு அவர் நிற்கவில்லை. அப்போது வாங்கிய பிலிமின் ஓரத்தில் துளை இருக்காது. இருட்டில் இருந்து துளையிட்டவர் அவர். படம் கழுவும் இரசாயனம் கலந்தார். வெயிலைத் திருப்பிவிட வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு நின்றார். அறுபதுக்கு மேற்பட்ட படக்குழுவினருக்குச் சமைத்தும் போட்டார். 1913 மே 3 இல் பம்பாய் கொரனேஷன் அரங்கில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது. அதில் நடிக்கப் பெண்கள் எவரும் முன்வராததால், உணவகத்தில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்பவர் இராணி வேடம் போட்டார். ஆறு வருடங்களில் பால்கேயின் சின்ன மகள் மந்தாகினியே ‘காளிய மர்தன்’ படத்தில் கிருஷ்ணனாக நடித்தாள்.

1915 இல், யுத்த நெருக்கடிக் காலத்தில், வெறும் தீக்குச்சிகளை வைத்து ஒரு குறும்படம் செய்தார். குச்சியைச் சிறிது நகர்த்தி ஒரு பிரேம், மறுபடி நகர்த்தி ஒரு பிரேம். நாங்கள் மேசையில் செய்வதும் இதுவேதான். அந்தப் படம் இன்று இல்லை, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு ‘ஹரிச்சந்திரா’வை விட அதைத்தான் பார்க்க ஆசை.

பேசும் படம் வந்ததும் பால்கேயின் காலம் மங்கியது. கடைசிப் படம் 1937 இல். 1944 பெப்ரவரி 16 இல் நாசிக்கில், சினிமா உலகம் பெரிதாகக் கவனிக்காமலே காலமானார். அவர் பெயரில் இந்திய அரசு விருது வழங்கத் தொடங்கியது 1969 இல். சரஸ்வதிபாயின் பெயரை இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்தக் கதையை உம்மாவுக்கும் சொன்னேன். புதுப் பயறு ஊறப்போட்டிருக்கிறோம். இந்தமுறை தொலைபேசியை யன்னல் கம்பியோடு கட்டித் தந்ததே உம்மாதான்.