ப்ளே பட்டன் கிடைக்காத ஜான் லோகி பெயர்டு

செமினார் ஹாலில் இருக்கிற வீடியோ கான்ஃபரன்ஸ் சிஸ்டத்தில் போன மாசத்து கெஸ்ட் லெக்சரைத் திரும்பப் பார்க்கணும்னா என்ன செய்வீங்க? ரிமோட்டில் மெனுவை அழுத்தினால் திரையில் பட்டியல் வரும். அம்புக்குறியால் இறங்கி ரெக்கார்டிங்ஸ் உள்ளே போனால் தேதி, நேரம், எத்தனை நிமிஷம் என்ற விவரத்தோடு எல்லாம் வரிசையா நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் ஓடும். அரை நிமிஷ வேலை.

இதே வேலையை 1927-லேயே செய்து பார்க்க முயன்ற ஒரு இன்ஜினியர் இருந்தார். படத்தைப் பதிவு செய்துவிட்டார். திரும்ப ஓட்டிப் பார்க்கத்தான் முடியவில்லை. அவர்தான் ஜான் லோகி பெயர்டு. டிவி கண்டுபிடித்தவர்னு பள்ளியில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதியிருப்பீங்க. 2007-இல் சாம்சங் டிவி தயாரிப்பு தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் பக்கம் படிக்கிற நமக்கு, அந்த ஒரு மார்க்கைத் தாண்டியும் இவரைத் தெரிஞ்சிருக்கணும்.

1888 ஆகஸ்ட் 13-இல் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா பாதிரியார். சின்ன வயசிலேயே தன் வீட்டிலிருந்து நண்பர்கள் வீடுகளுக்குக் கம்பி இழுத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்திய பையன். கிளாஸ்கோவில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தார். முதல் உலகப்போர் குறுக்கே வந்ததில் பல்கலைக்கழகப் பட்டம் பாதியில் நின்றது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. சாக்ஸ் வியாபாரம், டிரினிடாடில் ஜாம் காய்ச்சுவது, சோப்பு விற்பது என்று என்னென்னவோ செய்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1923-இல் உடம்பு தேற ஹேஸ்டிங்ஸ் என்ற கடலோர ஊருக்குப் போனார். அங்கேதான் டிவி வேலை தொடங்கியது. லேப் கிடையாது, ஃபண்டிங் கிடையாது. தொப்பி வைக்கிற பெட்டி, தேயிலைப் பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கு லென்ஸ், அரக்கு, இவ்வளவுதான் பொருட்கள். நம்ம மினி ப்ராஜெக்ட் பட்ஜெட்டே பரவாயில்லை! 1924-இல் பயங்கரமான ஷாக் அடித்துக் கை வெந்தது. உயிர் தப்பினார், ஆனால் இடத்துக்குச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

லண்டனுக்கு மாறினார். 1925 அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு பொம்மைத் தலையின் முகம் திரையில் தெளிவாகத் தெரிந்தது. உடனே கீழ்த்தளத்து அலுவலகத்தில் வேலை செய்த வில்லியம் டெய்ன்டன் என்ற இளைஞரைக் கூட்டிவந்து விளக்குகளுக்கு முன்னால் உட்கார வைத்தார். 1926 ஜனவரி 26-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் உறுப்பினர்களுக்கு நேரடியாகக் காட்டினார். படத்தில் மொத்தமே 30 கோடுகள். வேகமாகச் சுற்றும் ஒரு வட்டு, முகத்தைக் கோடு கோடாகப் பிரித்து ஒளியை மின்சாரமாக்கி அனுப்பும். 1927-இல் லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு டெலிபோன் லைனிலேயே படம் போனது. 1928 பிப்ரவரியில் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் பக்கம் போய்ச் சேர்ந்தது.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். 30 கோடு படத்தின் சிக்னல் ரொம்பச் சின்னது, நாம் கேட்கும் ஒலியின் அலைவரிசைக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியென்றால் பாட்டைப் போலவே கிராமபோன் தட்டில் பதியலாமே? பதிந்தார். ஃபோனோவிஷன் என்று பெயரும் வைத்தார். சிக்கல் டைமிங்கில். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு, கேமரா வட்டையும் ரெக்கார்ட் தட்டையும் இணைத்த இயந்திர அமைப்பில்தான் இருந்தது. அதில் அதிர்வு வந்தால் கோடுகள் இடம் மாறி முகம் கலைந்துவிடும். சரிசெய்ய அன்றைக்கு வழியில்லை. அந்த முயற்சி அப்படியே நின்றது.

பிறகு அடிமேல் அடி. 1936 நவம்பரில் பிபிசி அவருடைய சிஸ்டத்தையும் மார்கோனி-இஎம்ஐயின் முழு எலக்ட்ரானிக் சிஸ்டத்தையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது. அதே மாதக் கடைசியில் கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் அவருடைய லேப் போனது. 1937 தொடக்கத்தில் பிபிசி அவருடைய சிஸ்டத்தைக் கைவிட்டது. அவர் விடவில்லை. 1944-இல் எலக்ட்ரானிக் கலர் பிக்சர் டியூப் ஒன்றைச் செய்து காட்டினார். 1946 ஜூன் 14-இல், 57 வயதில் இறந்தார்.

தட்டுகள் மட்டும் சில தப்பின. 1980-களில் டொனால்ட் மெக்லீன் என்ற இன்ஜினியர் அந்தச் சிக்னலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நகர்ந்த கோடுகளை சாஃப்ட்வேர் மூலம் இடத்தில் நிறுத்தினார். 1927-இன் பொம்மைத் தலையும் 1928-இல் கேமரா முன் உட்கார்ந்தவர்களின் முகங்களும் அசைந்தன. உலகத்தில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய வீடியோ பதிவுகள் அவை. பதிந்தவர் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு நாம் ஓகே அழுத்தியதும் படம் ஓடக் காரணம், ஒவ்வொரு ஃபைலும் தன் டைமிங், ஃபார்மட் விவரங்களைத் தன்னோடேயே சுமந்து வருவதுதான். பெயரும் தேதியும் மட்டும் பல நேரம் நம்ம கையில் இருக்கிறது. அதனால் ஃபைனல் இயர் டெமோவைப் பதிவு செய்தால் பெயரும் தேதியும் போட்டு வையுங்க, ஒருமுறை ஓட்டியும் பாருங்க. பெயர்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உங்களுக்கு இருக்கு.