ஜான் ஸ்டைன்பெக்கின் வாழ்வில் 'கோபத்தின் கனிகள்' உருவான வரலாறு

முன்னுரை

வறுமையால் ஊர்விட்டுப் பெயரும் குடும்பத்தைப் பாடுபொருளாகக் கொண்ட புதினங்களுள் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் இயற்றிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) குறிப்பிடத்தக்கது. கோபத்தின் கனிகள் எனப் பொருள்படும் இப்புதினத்தின் ஆற்றலுக்கு, அதற்குமுன் அவர் எழுதி அழித்த படைப்பொன்றும் காரணமாகும் என்பதை அவர்தம் வாழ்க்கைவழி இக்கட்டுரை விளக்குகிறது.

இளமையும் எழுத்தும்

ஸ்டைன்பெக் 1902 பிப்ரவரி 27இல் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் பிறந்தார். தாய் ஆசிரியராகப் பணியாற்றியவர். தந்தை மாவட்டக் கருவூல அலுவலர். 1919இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1925இல் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். இடையிடையே பண்ணைகளில் உழைத்தமையால் கூலியாட்களின் வாழ்வை அருகிருந்து அறிந்தார். 1935இல் வெளிவந்த 'டார்டில்லா ஃபிளாட்' அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

முகாம்களில் கண்டவை

பொருளாதாரப் பெருமந்தமும் வறட்சியும் உழுவை இயந்திரங்களின் வரவும் ஓக்லஹோமா முதலிய மாநிலங்களின் குத்தகை உழவர்களை நிலத்தினின்று பெயர்த்தன. கலிபோர்னியாவை நாடி வந்தோர் சாலையோரக் குடிசைகளில் பசியோடு வாழ்ந்தனர். 1936இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றிற்காக இவர்களைப் பற்றி ஏழு கட்டுரைகளை ஸ்டைன்பெக் எழுதினார். ஆர்வின் என்னும் ஊரில் அரசு முகாமை நடத்திய டாம் காலின்ஸ் அவருக்கு வழிகாட்டினார். 1938இன் தொடக்கத்தில் வைசேலியா பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, பட்டினியால் வாடியோரை அவர் நேரிற் கண்டார்.

அழிக்கப்பட்ட படைப்பு

சலினாஸில் 1936இல் நிகழ்ந்த கீரைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வன்முறையால் ஒடுக்கப்பட்டது. அதனை அடக்கிய ஊர்ப் பெரியோரை எள்ளி நகையாடும் அங்கதப் படைப்பொன்றை ஸ்டைன்பெக் எழுதி முடித்தார். ஆயினும் 1938 மே மாதத்தில் அதனை அவரே அழித்தார். பகைவரை இழிவுபடுத்துவதால் மனிதரைப் புரிந்துகொள்ள இயலாது என்னும் தெளிவே இம்முடிவிற்கு அடிப்படை.

அம்மாத இறுதியில் புதினத்தைத் தொடங்கி அக்டோபர் 26இல் முடித்தார். எள்ளலுக்கு உரியோர் இருந்த இடத்தில் ஜோட் குடும்பம் வந்தமர்ந்தது. முப்பது இயல்களுள் பதினாறு, நிலத்தையும் சாலையையும் பெயர்வோர் திரளையும் பொதுநிலையிற் பேசுகின்றன. எஞ்சியவை அக்குடும்பத்தின் கதையைச் சொல்கின்றன. ஒரு வீட்டின் துயரும் ஒரு மக்கள்திரளின் துயரும் இவ்வாறு ஒன்றையொன்று விளக்குகின்றன. நூலின் பெயரைத் தெரிந்தவரும் தட்டச்சு செய்தவரும் அவர் மனைவி கரோல். குழந்தையை இழந்த இளம்பெண் பசியால் சாகும் அயலானுக்குப் பாலூட்டும் முடிவை மாற்றுமாறு பதிப்பகத்தார் வேண்டியும் அவர் இசையவில்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

1939 ஏப்ரல் 14இல் வெளிவந்த நூல், அவ்வாண்டிலேயே 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றது. பெருநில உழவர் அமைப்பினர் அதனைப் பொய் எனச் சாடினர். ஜோட் குடும்பம் வந்துசேரும் கெர்ன் மாவட்டமே தன் பொது நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதனைத் தடைசெய்தது. அத்தடை 1941 வரை நீடித்தது. 1940இல் நூல் புலிட்சர் பரிசு பெற்றது. கரோலுடனான மணவாழ்வு 1943இல் முறிந்தது. 1962இல் நோபல் பரிசு பெற்ற ஸ்டைன்பெக், 1968 டிசம்பர் 20இல் நியூயார்க்கில் மறைந்தார்.

முடிவுரை

கட்டுரைகளில் இடம்பெற்ற மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளர் புதினத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டமை ஒரு குறையே. எனினும் சினத்தை எள்ளலாகச் செலவிடாமல் பரிவாக மாற்றியதே இப்புதினத்தை அக்காலச் சிக்கலைக் கடந்து நிலைக்கச் செய்தது. அவ்வகையில், தாம் எழுதியதைத் தாமே அழித்த அந்த முடிவு அவர்தம் படைப்பு வாழ்வின் திருப்புமுனை எனலாம்.