குதிரையில் கோட்டை விட்டவர்

ரீயூனியன் என்று கூடினாலே முதலில் வருவது அரியர்ஸ் பேச்சுதான். எந்தப் பேப்பரை எத்தனை தரம் எழுதினோம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு அது சிரிப்பாகவா இருந்தது? ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து பீச் ரோட்டில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நம்ம பாண்டியில் 40 வருஷம் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரும் பரீட்சையில் கோட்டை விட்டவர்தான். கணக்கிலோ இங்கிலீஷிலோ அல்ல, குதிரைச் சவாரியில்! அவர்தான் ஸ்ரீ அரவிந்தர்.

1872 ஆகஸ்ட் 15-ல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கிருஷ்ணதன் கோஷ் டாக்டர். பிள்ளைகள் அசல் வெள்ளைக்காரத் துரைகளாக வளர வேண்டும், ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது அவர் கனவு. 7 வயதிலேயே அரவிந்தரை அண்ணன்மார்களோடு இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். ஆனால் ஊரிலிருந்து பணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. லண்டன் குளிரில் அரைவயிற்றோடு படித்த பிள்ளைகள் அவர்கள்.

1890-ல் ஐ.சி.எஸ். போட்டித் தேர்வில் அரவிந்தர் 11-ஆவதாகத் தேறினார். கிரேக்கம், லத்தீன் இரண்டிலும் அபார மார்க். அதே வருஷம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். இரண்டு வருஷப் பயிற்சியை முடித்து, மற்ற பாடங்களையெல்லாம் தாண்டியாச்சு. பாக்கி நின்றது சவாரிதான். ஜில்லா அதிகாரி என்றால் குதிரை மேல் ஊர் ஊராகப் போய்வர வேண்டிய காலம் அது. அதனால் அந்த டெஸ்டில் தேறாமல் வேலை இல்லை.

அவருக்குச் சவாரி சரியாக வரவில்லை. மறுபடி மறுபடி நாள் குறித்தார்கள். கடைசியாக 1892 நவம்பரில் லண்டனை அடுத்த உல்விச்சில் வரச் சொன்னார்கள். அன்றைக்கு அவர் போகவே இல்லை. லண்டன் தெருக்களில் சும்மா சுற்றிவிட்டு அறைக்குத் திரும்பி, வேலை போச்சு என்று பெரிய அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை, சீட்டாடலாம் வா என்றார். அப்புறம் வந்த சின்ன அண்ணன் மன்மோகன்தான் கொதித்துப் போனார்.

அந்த நாட்களில் எழுதிய மனுவில், சவாரி கற்கப் பணம் இல்லை என்று காரணம் சொன்னார். பிற்காலத்தில், அந்த வேலையே வேண்டாம் என்று தாமாகத்தான் நழுவியதாகச் சொன்னார். வீட்டாருக்கு எதிராக நேரே மறுக்க முடியாத ஒரு இருபது வயசுப் பையன்! இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

விலை கொடுக்காமலும் இல்லை. அரவிந்தர் ஊர் திரும்பும் கப்பல் மூழ்கிவிட்டதாக வந்த தப்பான சேதியைக் கேட்டு, 1892 டிசம்பரில் அப்பா இறந்து போனார். 1893 பிப்ரவரியில் பம்பாயில் வந்து இறங்கிய மகனை வரவேற்க அவர் இல்லை.

பரோடா சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். பிறகு வங்காளத்தில் சுதேசிப் போராட்டம். 1908-ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதாகி, ஒரு வருஷம் சிறையில் இருந்து, 1909 மே மாதம் விடுதலை. யாருடைய சர்க்காருக்குச் சேவகம் செய்யப் படித்தாரோ, அந்தச் சர்க்காரே அவரைத் தேடிக்கொண்டிருந்தது. 1910 ஏப்ரல் 4-ல் கப்பலில் பிரெஞ்சுப் பாண்டிக்கு வந்து சேர்ந்தார். ஏற்கெனவே இங்கே அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் சிநேகிதரானார். 1950 டிசம்பர் 5-ல் மறையும் வரை அரவிந்தர் இந்த ஊரை விட்டுப் போகவேயில்லை.

நம் பிள்ளைகளும் ஒருநாள் ரிசல்ட்டோடு வாசலில் தயங்கி நிற்பார்கள். தேறவில்லையா, இல்லை அந்தப் படிப்பே பிடிக்கவில்லையா என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அப்போது சத்தம் போடுவதற்கு முன்னால், உல்விச்சுக்குப் போகாமல் தெருத்தெருவாகச் சுற்றிய அந்தப் பையனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். முடிந்தால் அவரது பெரிய அண்ணன் மாதிரி, ஒரு கை சீட்டும் போடுவோம்.