தறி ஓடாவிட்டாலும் வட்டி ஓடும்: ஹோமி பாபா போட்ட அணுமின் கணக்கு பலித்ததா?

சங்கரன்கோவிலில் கடன் வாங்கி விசைத்தறி போட்டவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். தறி ஓடாவிட்டாலும் வட்டி ஓடும். தமிழகத்துக்கு கரண்ட் தரும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் இதே கதைதான். இந்தியாவில் அணுமின்சாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹோமி பாபா. அந்தக் கணக்கு எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது?

யார் இந்த ஹோமி பாபா?

1909 அக்டோபர் 30-ல் மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். மகன் இன்ஜினியராகி ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்குப் போகணும் என்பது வீட்டாரின் ஆசை. கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் முடித்த பாபா, இயற்பியல் பக்கம் போய்விட்டார்.

1939-ல் விடுமுறைக்கு ஊர் வந்தவர், இரண்டாம் உலகப் போரால் திரும்ப முடியாமல் பெங்களூருவில் சி.வி.ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956-ல் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது.

அவர் போட்ட கணக்கு என்ன?

நிலக்கரிச் சுரங்கங்கள் பெரும்பாலும் கிழக்கு இந்தியாவில் இருந்தன. மும்பை போன்ற தூரத்து ஊர்களுக்கு ரயிலில் கொண்டு வரவே பெரிய செலவு. அணு உலைக்கு எரிபொருள் கொஞ்சம் போதும். கட்டுவதற்குப் பணம் அதிகம் ஆனாலும், ஓட்டும் செலவு குறைவு. அதனால் தூரத்து ஊர்களில் அணுமின்சாரம் கட்டுப்படியாகும் என்பது பாபாவின் வாதம்.

எங்கே பலித்தது?

மும்பைக்கு வடக்கே தாராப்பூரில். 1964-ல் ஒப்பந்தம், 1969-ல் மின் உற்பத்தி. 5 வருடத்தில் வேலை முடிந்தது. அமெரிக்கா மிகக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. ஆனால் அதைப் பார்க்க பாபா இல்லை. 1966 ஜனவரி 24-ல் ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதியதில், 56 வயதில் இறந்துபோனார்.

எங்கே சறுக்கியது?

1987-க்குள் 20,000 மெகாவாட் அணுமின்சாரம் என்பது அவர் காலத்து இலக்கு. 2025 வரைக்கும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காரணம், தாமதமும் வட்டியும்.

உதாரணமாக, 10 சதவீத வட்டிக்கு 10,000 கோடி ரூபாய் கடன் என்றால், ஒரு வருடத் தாமதத்துக்கு வட்டி மட்டுமே 1,000 கோடி. அந்த வருடம் ஒரு யூனிட் கரண்ட்கூட விற்றிருக்க முடியாது.

கூடங்குளத்தில் 2002-ல் தொடங்கிய முதல் உலை, வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசியில். உபகரணங்கள் வரத் தாமதம், மக்கள் போராட்டம் என வருடங்கள் கடந்தன. முதல் 2 உலைகளுக்கான மதிப்பீடு 13,171 கோடியில் இருந்து 22,462 கோடி ரூபாயாக ஏறியது.

இப்போ அங்கே அடுத்த 4 உலைகளின் கட்டுமானம் நடக்கிறது. எரிபொருள் செலவைப் பொறுத்தவரை பாபாவின் கணக்கு இன்றும் தப்பில்லை. ஆனால் யூனிட் விலையை முடிவு செய்யப்போவது, கட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகிறது என்பதுதான்.